பட்டியலில் எழுதாத தம்பி

அறுபதைத் தாண்டிய நம்மில் யாரைக் கேட்டாலும் அந்தப் பாடம் ஞாபகம் இருக்கும். உயிருள்ளவை, உயிரற்றவை. இடது பக்கம் ஒரு பசு, ஒரு கோழி, ஒரு மாமரம். வலது பக்கம் நாற்காலி, பானை, கல். நீங்கள் அதை ஒப்பித்து மார்க் வாங்கிவிட்டு மறந்திருப்பீர்கள். எனக்கு அப்படி விட்டுப்போகவில்லை. அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நான் வீட்டில் ஒரு தப்புச் செய்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

அப்போது எங்கள் வீடு முதலியார்பேட்டையில். ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் கிணறு. கிணற்றடியிலிருந்து ஒரு குறுகலான சந்து வீட்டைச் சுற்றிப் போய்த் தெருவில் சேரும். அப்பா மில்லில் ஃபிட்டர். எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்தால் எண்ணெய் வாசனையும் கூடவே வரும். புருவத்தில், காது மடலில், பஞ்சு ஒட்டியிருக்கும்.

எனக்கு ஒரு தம்பி. அப்போது அவனுக்கு நாலு வயது. கழுத்து நிற்காது. உட்கார மாட்டான், பேச மாட்டான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வாசல் கதவைப் பார்த்த மாதிரி, கூடத்துப் பாயில் பழம்புடவையை நாலாக மடித்துப்போட்டு அம்மா அவனைக் கிடத்தியிருப்பாள். கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டிப் பாலாடையால் அவன் வாயில் ஊற்றுவாள். ஒரு வாய் இறங்க ஐந்து நிமிஷம் ஆகும். அவன்மேல் எப்போதும் தேங்காய் எண்ணெயும் வசம்பும் கலந்த ஒரு வாசனை இருந்தது. இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது என் கால் தானாக நின்றுவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவனைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூளை வளரல. இவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு செடி மாதிரின்னு நெனச்சுக்குங்க" என்று சொன்னாராம். அதற்கப்புறம் அப்பா அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டார். வீட்டுக்குள் வந்தால் பாயைச் சுற்றிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போவார். வெறுப்பு என்று அப்போது நினைத்தேன். அது வெறுப்பில்லை. கையில் திருப்புளி இருந்தால் எதன் முன்னாலும் தைரியமாக உட்கார்ந்துவிடுகிற மனுஷன் அவர். தம்பிக்கு முன்னால் திருப்புளிக்கு வேலையில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒதுங்கிப் போயிருக்கிறார். இது புரிய எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

நாலாம் வகுப்பில் எங்கள் டீச்சர் அந்தப் பாடத்தை எடுத்தது ஐப்பசி மழை விட்டு, கார்த்திகை பிறந்த சமயம். நல்ல டீச்சர். புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் மேஜை நிறைந்துவிட்டது. வேரோடு பிடுங்கிய தொட்டாச்சிணுங்கி, துருப்பிடித்த ஆணி, கல்லுப்பு, முருங்கை விதை, ஒரு கோழி முட்டை. முட்டை எந்தப் பக்கம் என்று பெரிய தகராறு. "அடை வெச்சா உயிரு, அவிச்சா இல்ல" என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நெருப்பு? அது தின்னுது, வளருது, நகருது. ஊதினா செத்துப் போவுது" என்றான்.

"நெருப்பு குட்டி போடாதுடா."

"போடுமே டீச்சர். ஒரு வெளக்குலேர்ந்து இன்னொரு வெளக்கு ஏத்தலாமே."

"உக்காரு" என்றார் டீச்சர். சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்து அடுத்த பொருளை எடுத்தார்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் மீன்காரம்மா மகள். நோணாங்குப்பம் ஆற்றில் அவள் மாமா எடுத்த மட்டியை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். இறுக மூடிய சிப்பிகள். கூழாங்கல் மாதிரியே இருந்தன. எல்லோரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டு தட்டினோம், குலுக்கினோம், ஊதினோம். ஒன்றும் அசையவில்லை. "செத்துப்போச்சு போல இருக்கே" என்று டீச்சர் வலது பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சாவல டீச்சர்" என்றாள் அவள். "கூட்டம் போட்டா தொறக்காது. உப்புத் தண்ணில போட்டு நெழல்ல வெச்சுட்டு, தள்ளிப் போயிடணும்."

சாப்பாட்டு வேளையில் அவளும் நானும் மட்டும் ஜன்னலுக்கு வெளியே சத்தம் காட்டாமல் நின்று பார்த்தோம். ரொம்ப நேரம் கழித்து, ஒரு சிப்பி நூலளவு திறந்தது. உள்ளேயிருந்து வெளுத்த நாக்கு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. டீச்சர் வருவதற்குள் மூடிக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு வீட்டுப்பாடம்: வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதி வர வேண்டும். தானாக நகரும், உண்ணும், மூச்சு விடும், வளரும், தொட்டால் உணரும், தன் இனத்தைப் பெருக்கும். இந்த ஆறும் இருந்தால் இடது பக்கம்.

கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினேன். இடது பக்கம் அம்மா, அப்பா, நான், இரண்டு கோழி, பல்லி, எறும்பு, கிணற்றடி வாழை. வலது பக்கம் அம்மி, குடம், அரிக்கேன் விளக்கு, அப்பாவின் சைக்கிள், பாய். பாய் என்று எழுதும்போதுதான் அதன்மேல் கிடந்தவன் கண்ணில் பட்டான். விரல்விட்டு எண்ணினேன். சாப்பிடுகிறான், மூச்சு விடுகிறான். மற்றது? இடது பக்கம் எழுதினால் டீச்சர் தப்புப் போடுவார் என்று பயம். வலது பக்கம் எழுதக் கை வரவில்லை. எழுதாமலே நோட்டை மூடிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படிப்பாள். என் நோட்டை அன்றைக்கு ஏன் எடுத்தாளோ தெரியாது. இரண்டு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள்.

"தம்பி எங்கடி?"

"ஆறும் இருக்கணுமாம்மா. அவனுக்கு ரெண்டுதான் இருக்குது."

அடித்திருந்தால் தேவலை. நோட்டை மூடி என் அலுமினியப் பெட்டிக்குள் வைத்தாள். தம்பியின் வாயோரம் வழிந்திருந்ததை முந்தானையால் துடைத்தாள். "நீ பாத்தது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கயிற்றை இழுக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

மறுநாள் டீச்சர் என் பட்டியலுக்குச் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கு எங்கள் வீட்டில் ஒரு தம்பி இருப்பதே தெரியாது.

அதற்கப்புறம்தான் நான் அவனைப் பார்க்க ஆரம்பித்தேன். நாலு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அதுவரை நான் அவனைப் பார்த்ததில்லை. குதிகாலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரு நூலால் அளந்து, நூலில் முடிச்சுப் போட்டு வைத்தேன். மார்கழி நடுவில் மறுபடி அளந்தபோது முடிச்சைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு கூடியிருந்தான். ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். "ம்" என்றாள். அவளுக்கு அது செய்தியில்லை, போன வருஷம் தைத்த சட்டை ஏறாதபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்தது உணர்ச்சி. காதுக்குப் பக்கத்தில் கை தட்டினேன், கிண்ணத்தைத் தட்டினேன், கோழி இறகால் உள்ளங்காலை வருடினேன். ஒன்றுமில்லை. கண் எங்கேயோ இருந்தது. அப்போதுதான் மீன்காரம்மா மகள் சொன்னது ஞாபகம் வந்தது. அவனை ஒன்றும் செய்யாமல், சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் அதே வேலை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மில் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தெருக் கோடியில் அப்பாவின் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. அந்தச் சைக்கிளுக்குச் செயின் கவர் ஆட்டம் கண்டு, கம்பியால் கட்டியிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒரு அடி விழும். ஊரார் இயந்திரத்தையெல்லாம் சரிசெய்கிற அப்பா தன் சைக்கிளை மட்டும் "ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த 'டக்' கேட்டதும் தம்பியின் வலது கால் கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கியது. மடங்கியபடியே நின்றது. அப்பா உள்ளே வந்தார், பாயைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார். விரல் மெதுவாக விரிந்தது.

அம்மா விளக்கேற்றும் வரைக்கும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளும் மடங்கியது. அதற்கு மறுநாளும். ஒரு நாள் சங்கு ஊதியும் அப்பா நேரம் கழித்து வந்தார். சங்குக்கு விரல் அசையவில்லை, சைக்கிளுக்குத்தான் மடங்கியது. பால்காரர் சைக்கிள், தபால்காரர் சைக்கிள், பக்கத்து வீட்டு மாமா சைக்கிள் எதற்கும் இல்லை. அப்பா சைக்கிளுக்கு மட்டும்.

சொல்லிவிடலாம் என்று நான் துடித்துக்கொண்டிருந்த அந்த வாரம்தான் மூலக்குளத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. தாய் தகப்பன் இல்லாத அப்பாவை வளர்த்து ஆளாக்கியது அவள்தான், அவள் பேச்சை அப்பா தட்டியதில்லை. அத்தையைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். வரும்போதெல்லாம் தம்பிக்குக் கேழ்வரகு முளைகட்டி, அரைத்து, சலித்துக் கொண்டுவருகிறவள். அன்றைக்கு அவள் அப்பாவை எதிரே உட்காரவைத்துச் சொன்னாள்: "தூரத்து ஊர்ல ஒரு இல்லம் இருக்குதுடா. இந்த மாதிரி புள்ளைங்களையே பாத்துக்கறாங்க. விசாரிச்சுட்டேன். இவளப் பாரு, முப்பது வயசுல அம்பது மாதிரி ஆயிட்டா. அதுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. எங்க கெடந்தாலும் ஒண்ணுதான். பொங்கல் முடிஞ்சதும் கொண்டுபோய் வுட்டுடலாம்."

அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிக்கா" என்றார்.

"அவனுக்குத் தெரியும் அத்தே!" என்று நான் கத்திவிட்டேன். "அப்பா சைக்கிள் வந்தா கட்டவெரல மடக்கறான். நான் தெனம் பாக்கறேன்."

"ஏதோ நரம்பு இழுக்கும்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

கஷ்டம் எங்கே என்றால், சைக்கிளை ஓட்டி வருகிறவரே அப்பாதான். சத்தம் கேட்கிற நேரத்தில் அவர் தெருவில் இருப்பார், உள்ளே வருவதற்குள் விரல் மடங்கி முடிந்திருக்கும். அது மடங்குவதை அவர் ஒரு நாளும் பார்க்க வழியில்லை. நான் விடவில்லை. பக்கத்து வீட்டு மாமாவை அப்பா சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லலாம் என்று அடம்பிடித்து அழுதேன். அத்தை சிரித்துக்கொண்டே, "பாத்துடலாமே" என்றாள். மாமாவும் போனார். செய்தி கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து பாயைச் சுற்றி நின்றுவிட்டார்கள். குழந்தைகள் முண்டியடித்தன. "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க" என்று ஆளுக்கு ஆள் சத்தம் போட்டார்கள். தம்பிக்கு மேல்மூச்சு வாங்கியது. கண் செருகியது.

தெருவில் டக், டக் என்று கேட்டது. வீட்டு வாசலில் வந்து நின்றது.

விரல் அசையவில்லை.

அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தாள். "கண்ணு, உனக்கு ஆசை. அதனால அப்படித் தெரியுது" என்றாள். அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார். எல்லோரும் கலைந்த பிறகு தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அம்மா அவன் தோளைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். நான் அவள் முதுகில் முகத்தை வைத்து அழுதேன்.

"நெசமாவே மடக்கறான்மா."

"தெரியும்" என்றாள் அம்மா.

"தெரியுமா?"

"ரெண்டு வருசமா மடக்கறான். மொத வெரலு, அப்பறம் வாயத் தொறப்பான். உங்கப்பாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். உங்கத்தைகிட்ட ஒரு தடவ. டாக்டர்கிட்டயும் சொன்னேன். பெத்தவ சொன்னா அது பாசத்துல வர்ற பேச்சுன்றாங்க. அப்பறம் யார்கிட்டயும் சொல்லல."

எத்தனையோ பேர் அந்தப் பாயைச் சுற்றி வந்து போனார்கள். நாள் முழுக்க அவன் கூடவே இருந்தவளை ஒருவரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. நானும்தான். நூலை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேனே தவிர, அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

பொங்கல் வந்து போனது. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. தம்பியின் துணிகளை அம்மா துவைத்து மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தாள். கிளம்ப இரண்டு நாள் இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்பக்கமாக நுழைந்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மில் உடுப்புகூட மாற்றவில்லை. இன்னும் சங்கே ஊதவில்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவிடுக்கு வழியே பாய் தெரிந்தது. கூடத்தில் வேறு யாருமில்லை. அம்மா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. மாமாவின் சொந்தச் சைக்கிள். விரல் அசையவில்லை. அப்பாவைப் பார்த்தேன். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சைக்கிள் தாண்டிப் போய்விட்டது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்பா அடுத்த தெருவில் விட்டு வந்த சைக்கிளை எடுத்துவர மாமா போயிருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். பிறகு தெருக் கோடியில் 'டக்' என்று கேட்டது.

கட்டைவிரல் மடங்கியது.

டக், டக், நெருங்கி வந்தது. தம்பியின் தலை வாசல் பக்கமாக ஒரு துளி சாய்ந்தது. வாய் திறந்தது. சைக்கிள் வாசலில் நின்றது. பேசிவைத்தபடி மாமா உள்ளே வரவில்லை. தம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்தபடி, விரல் மடங்கியபடி. யாரும் வரவில்லை. அவன் பார்ப்பதை விடவில்லை.

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். சட்டென்று எழுந்தார். பின்கதவு வழியாக ஓடினார். வாளி உருண்டது, கோழிகள் சிதறின. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய், மூச்சு வாங்க, வாசல் வழியாக உள்ளே வந்தார். பாயைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அதன் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டேன்டா" என்றார். "அப்பா வந்துட்டேன்."

மறுநாள் வேலைக்குப் போகாமல் மூலக்குளத்துக்குப் போய் அத்தையிடம், "அவன் வூட்டுலயே இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் அக்கா பேச்சைத் தட்டியது அந்த ஒரு தடவைதான். அத்தை நாலு மாசம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் மாவுப் பாத்திரத்தோடு வந்து, பாயோரம் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா, எனக்கெல்லாம் மடக்க மாட்டியா?" என்று கேட்டாள். அவன் மடக்கவில்லை. அத்தை சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

அம்மாவிடம் அப்பா மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் அதையெல்லாம் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் சாயங்காலக் கூழை அவர்தான் ஊட்டினார். பஞ்சு ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருவார். செயின் கவரைக் கட்டியிருந்த கம்பி இரண்டு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் பழைய சத்தம் வருகிறதா என்று பெடலைச் சுற்றிப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். மில்லில் எல்லோரும் கேலி செய்தார்களாம்.

தம்பி இன்னும் ஐந்து வருஷம் இருந்தான். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, பகல் நேரத்தில் அம்மா மடியிலேயே போய்விட்டான். நாலைந்து நாள் கழித்து அப்பா இறப்பைப் பதியப் போனார். நானும் கூடப் போனேன். பிறப்பு இறப்பு பதிகிற அந்த ஆபீஸை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்போதும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேரில் எத்தா-சிவில் என்றுதான் சொல்வார்கள். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் வயதான குமாஸ்தா ஒருவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"வயசு?"

"ஒன்பது."

"எந்த ஸ்கூலு?"

"ஸ்கூலுக்குப் போவல."

"தொழில்னு ஒரு கட்டம் இருக்குது. சின்னப் புள்ளைங்களுக்கு மாணவன்னு போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "வூட்டுல சும்மா இருந்தான்னு எழுதிக்கவா?"

அப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சும்மா இல்ல சார்" என்றார். "தெனம் நான் வர வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தான்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உக்காருங்க ஐயா, மெதுவா எழுதிக்கலாம்" என்று சுவரோரத்துப் பெஞ்சைக் காட்டினார். அப்பா உட்கார்ந்தார். தம்பி போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நடமாடிக்கொண்டிருந்தவர், அந்தப் பெஞ்சில்தான், அத்தனை பேருக்கு நடுவில், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.